உத்திரத்துக்கு அடுத்த ஞாயிறு

ஏசுவடியான் இந்த வருஷம் ஈஸ்டருக்குக் கோமதியம்மாள் மெஸ்ஸில் சாப்பிட மாட்டானாம். இதைக் கோமதியம்மாளிடம் சொன்னது, காய் நறுக்க வரும் சின்னப்பொண்ணு. சின்னப்பொண்ணுவிடம் சொன்னது ஷேர் ஆட்டோ ஓட்டும் செந்தமிழன். செந்தமிழனிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் வருகிற வழியில், பின்சீட்டில் இருந்த ஏசுவடியானின் பெண்டாட்டி கவியா போனில் யாருடனோ பேசிக்கொண்டு வந்தது அவன் காதில் விழுந்ததாம்.

"என்னன்னு பேசினாளாம்?"

"சாமி கும்புடற வூட்டு சோறு பண்டிக அன்னிக்கி இன்னாத்துக்கு, நம்ம ஆளுங்களோட ஓட்டல்ல துன்னுக்கலாம்னு சொல்லிகினு வந்துச்சாம்க்கா. அவன் சொன்னத சொல்றேன், நான் எங்க கண்டேன்?"

சனிக்கிழமை காலை அது. கோமதியம்மாள் ஊரிலிருந்து வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பையைப் பிரிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் அண்ணாதுரைக்கு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தபோது கூடவே கிளம்பி வந்தவள். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதலில் அவருக்கு மட்டும் சமைத்தாள். பிறகு அவர் கூட வேலை பார்த்த இரண்டு பேர் கேரியர் கேட்டார்கள். இப்போது வடக்குப்பட்டில், தகரக் கூரை போட்ட முன்னறையில் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். எல்லாம் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பிள்ளைகள். போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. அங்கே புளிக்குழம்பில் புளி இருக்கும் என்பதுதான் விளம்பரம்.

ஏசுவடியான் திசையன்விளைப் பக்கம். அவன் வந்த வருஷம், நாற்பது நாள் கறி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. கோமதியம்மாள் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் வந்து நெளிந்துகொண்டு நின்றான்.

"யக்கா, நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு இட்லியும் கறிக்கொழம்பும் கெடைக்குமா?"

"அஞ்சு மணிக்குக் கறியா? யாருக்குடே பேய் புடிச்சிருக்கு?"

அப்போதுதான் விவரம் சொன்னான். அவர்கள் ஊரில் ஈஸ்டர் ஆராதனை இருட்டோடு தொடங்கிவிடும். முடித்து வெளிச்சம் வரும்போது வீட்டுக்கு வந்தால் தெரு முழுக்கக் கறி மணக்கும். அப்பா முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். இங்கே ஆறு மணி ஷிப்ட். அதற்குள் அப்பாவையும் இருட்டையும் கொண்டுவர முடியாது, கறியையாவது கொண்டுவரலாமே என்று கேட்க வந்திருந்தான்.

வைத்துக் கொடுத்தாள். ஒன்பது இட்லி சாப்பிட்டான். பத்தாவதை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான். சாயங்காலம் அவன் அம்மாவே போன் பண்ணிவிட்டாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தால், "கொழம்புல தக்காளி போட்டீங்களாமே? எங்க வீட்டு ஈஸ்டர் கொழம்புல தக்காளி சேக்க மாட்டோம். வறுத்த தேங்காதான்" என்றாள். கோமதியம்மாளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, எவ்வளவு தேங்காய் என்று கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வருஷம் பதினோரு பேர் வந்தார்கள், பதினோரு முறையோடு. கடற்கரைப் பையன் ஒருவன், நடுராத்திரிப் பூசை முடிந்த கையோடு சாப்பிடுவதுதான் ஈஸ்டர் என்றான். நாகர்கோவில்காரன் ஆப்பம் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை என்றான். பாதிப்பேர் காலை ஷிப்ட், பாதிப்பேர் ஓ.டி. கடைசியில் கோமதியம்மாள்தான் தீர்ப்புச் சொன்னாள்: மத்தியானம், பிரியாணி. பிரியாணி அண்டா யாருடைய ஷிப்டையும் பார்க்காது. மெஸ்ஸில் சாப்பிடும் வேல்ராஜுக்கும் இந்தப் பண்டிகைக்கும் சம்பந்தமே இல்லை. கயத்தாற்றுக்காரன், சாஸ்தா கும்பிடுகிறவன். அவனும் பந்தியில் முதல் ஆளாய் உட்கார்ந்தான்.

"நீ எத்தனை நாள்டே வெரதம் இருந்த?"

"நான் வெரதம் இருக்கலக்கா. நாப்பது நாளா இந்த அண்டாவ நெனச்சிட்டு இருந்தேன்."

சாப்பிடும் முன் ஏசுவடியான் எழுந்து ஜெபம் பண்ணினான். கோமதியம்மாள் கரண்டியோடு நின்றாள். கண்ணை மூட வேண்டுமா, கூடாதா என்று தெரியவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபத்தின் நடுவே, "எங்க கோமதியக்கா வீட்டையும் ஆசீர்வதியும்" என்றான். இன்னொரு கண்ணும் தானாக மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அது அவள் பண்டிகை. பிள்ளை இல்லாத வீட்டில் பதினோரு பேர் உட்கார்ந்து இன்னும் போடு, இன்னும் போடு என்று கேட்ட பண்டிகை.

ஒரே குழப்பம், அந்தப் பண்டிகைக்கு நிலையான தேதி கிடையாது. ஏசுவடியானைக் கேட்டாள். பௌர்ணமி, ஞாயிறு என்று ஏதோ சொன்னான். அவனுக்கே பாதிதான் தெரிந்தது. கோமதியம்மாள் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். பங்குனி உத்திரத்துக்குத் தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு ஊருக்குப் போவார்கள், அவளும் போவாள். போய்விட்டு வந்தால், அடுத்த ஞாயிறு ஈஸ்டர். முதல் வருஷம் அப்படித்தான் வந்தது. இரண்டாம் வருஷமும் அப்படியே. இதற்கு மேல் என்ன காலண்டர் வேண்டும்?

இந்த வருஷம் உத்திரம் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை தமிழ் வருஷப்பிறப்பு. பாதி மெஸ் ஊருக்குப் போய்விட்டது. அவளும் திங்கள்வரை லீவு என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டினாள். புறப்படும் முன் ஏசுவடியானைப் பிடித்து, "ஈஸ்டருக்கு எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துரு. கவியாவையும்தான்" என்றாள். "வராம எங்கக்கா போவோம்?" என்றான். தை மாதம் கல்யாணம். கவியா இங்கே வந்து இரண்டு மாதம் இருக்கும். இன்னும் மெஸ் வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று கோமதியம்மாள் இதுவரை யோசித்ததில்லை. செந்தமிழன் ஆட்டோ இப்போது யோசிக்க வைத்துவிட்டது.

"பேசாம அவன்கிட்டயே கேளேன்" என்றார் அண்ணாதுரை.

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா?"

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, பத்துக் கிலோ ஆட்டுக்கறிக்குச் சொல்லிவைத்தாள். ஞாயிறு விடியற்காலையில் எழுந்து அண்டாவை ஏற்றினாள். தனியாக ஒரு சட்டியில், தக்காளி இல்லாமல், தேங்காய் வறுத்து அரைத்து ஒரு குழம்பும் வைத்தாள். அது கவியாவுக்கு. மாமியார் வீட்டுக் குழம்பை இங்கே கண்டால் அந்தப் பெண் என்ன சொல்லும்?

பத்து மணிக்குச் சின்னப்பொண்ணு வந்தாள்.

"உன் புள்ளைங்கள சர்ச்சாண்ட பாத்தேன்க்கா. கையில ஓலைய புட்ச்சிகினு பாட்டு பாடிகினு வரிசையா போறானுங்க. ஏசு கீறான், அந்தப் பொண்ணும் கூட கீது."

"ஓலையா? அது எதுக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? வெயிலுக்கோ இன்னாவோ."

பண்டிகை என்றால் ஆயிரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஓலையோடு போனவர்கள் ஓலையோடு வரட்டும்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. பெஞ்சுகளைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். சின்னப்பொண்ணு ஒரு தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு போனாள். இரவு டூட்டி முடித்துத் தூங்கி எழுந்த அண்ணாதுரை அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, கம்பெனி பூராவையும் கூப்பிட்டிருக்கியா?"

"நீங்க சும்மா இருங்க."

"ஓட்டல்ல எல போட்டிருப்பானுவ இன்னேரம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். கோமதியம்மாள் போனை எடுத்தாள். ஏசுவடியான் பெயரைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"ஏசுவடியான், நான் கோமதி பேசுதேன். ஒம் பொண்டாட்டிக்கு எங்க வீட்டுச் சோறு ஆகாதுன்னா நேர்ல சொல்லியிருக்கலாம்லா? ஆட்டோல ஊரு பூரா கேக்கத்தான் சொல்லணுமா? பத்துக் கிலோ கறிய ஆக்கி வச்சிட்டுக் கிறுக்கச்சி மாதிரி வாசலப் பாத்துக்கிட்டு நிக்கேன். இனிமே அக்கான்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துராத."

"அனுப்பிட்டியா?" என்றார் அண்ணாதுரை.

"கைய எடுத்தேன். அதுவாப் போயிட்டு."

இரண்டேகால் மணிக்கு ஊரிலிருந்து வேல்ராஜ் வந்து சேர்ந்தான். தோளில் பை, நெற்றியில் திருநீறு. வாசலிலேயே மூக்கைச் சுருக்கினான்.

"என்னக்கா, லீவுன்னு போட்டிருக்கீங்க, உள்ள பிரியாணியா?"

"ஈஸ்டர்லாடே."

"ஈஸ்டரா?" சிரித்துவிட்டான். "இன்னைக்குக் குருத்தோல ஞாயிறுக்கா. ஏசு ஸ்டேட்டஸ்ல ஓலையோட நிக்கான் பாருங்க. ஈஸ்டர் அடுத்த ஞாயிறுல்லா. அதுவரைக்கும் கறி வாசன கூடப் பிடிக்க மாட்டானுவ. வெள்ளிக்கெழம பெரிய வெள்ளிக்கு எங்க கம்பெனியே லீவு."

"இந்த வெள்ளிதான் லீவு முடிஞ்சிட்டேடே?"

"அது உத்திரத்துக்கு நாம போட்ட லீவுக்கா!"

கோமதியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உத்திரம் முடிந்தது, பௌர்ணமியும் முடிந்தது, பிறகு எப்படி? அண்ணாதுரை போய் நாள்காட்டியைப் பார்த்தார். பௌர்ணமி இன்றைக்குக் காலையில்தான் முடிகிறது என்று போட்டிருந்தது. அதனால் தள்ளிப்போனதோ என்னவோ, அவருக்கும் விளங்கவில்லை.

அவர்கள் வராததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அப்படியானால் செந்தமிழன் சொன்னது பொய்யா? பொய்யென்றும் சொல்ல முடியாது. நாள் தப்பியது வேறு, கவியா பேசியது வேறு. அந்தப் பெண் அப்படிப் பேசவே இல்லையென்றால், இல்லாத பழியை அவள் புருஷன் காதிலேயே போட்டாயிற்று. பேசியிருந்தாலோ, ரகசியமாய்ப் பேசியதைத் தெருவுக்கு இழுத்தாயிற்று. எது மோசம் என்று கோமதியம்மாளுக்குப் புரியவில்லை.

"ஏ வேலு, நான் அவனுக்கு ஒண்ணு பேசி அனுப்பிட்டேன். அழிக்க முடியுமாடே?"

"குடுங்க. ரெண்டு பக்கமும் அழிச்சிரலாம்." போனை வாங்கிப் பார்த்தவன் கை அப்படியே நின்றது. "யக்கா, மைக் நீலமாயிட்டு. கேட்டாச்சு."

"யாரு கேட்டா? அவனா, அந்தப் பிள்ளையா?"

"அதெல்லாம் இதுல காட்டாதுக்கா."

"அழிச்சா மட்டும் கேட்டது இல்லன்னு ஆயிருமா?" என்றார் அண்ணாதுரை.

கோமதியம்மாள் போனை வாங்கி, ஏசுவடியானுக்குப் போட்டாள். அடித்து அடித்து நின்றது. கவியாவுக்குப் போடலாம் என்றால் அவள் நம்பர் இல்லை. இரண்டு மாதத்தில் கேட்டு வாங்கத் தோன்றவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் ஏசுவடியானுக்கே போட்டாள்.

"எடுத்தான்னா என்ன சொல்லப்போற?" என்று கேட்டார் அண்ணாதுரை.

"தெரியல."

"அடுத்த ஞாயிறு வான்னு சொல்லு."

"வராதன்னு சொல்லி ஒரு மணி நேரம் ஆகல. கேட்டது அவளா இருந்தா மொதல்ல அவள்டல்லா பேசணும்? அவ பேசவே இல்லன்னா என்னன்னு பேச? பேசியிருந்தான்னா..." முடிக்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

வேல்ராஜ் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றான். அண்டாவின் பக்கம் திரும்பவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"எடுத்துட்டானாக்கா?"

கோமதியம்மாள் கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"பேசாத. ரிங்கு போகுது."