தெருவிலிருந்து தெரியாத வீடு

போன கிழமை ஒரு வாசகி எழுதியிருந்தார். மெல்பனில் சொந்த வீடு இருக்கிறதாம். இருந்தாலும் ஆபத்து அந்தரத்துக்குப் போய் இருக்கவும் தோட்டம் செய்யவும் நாட்டுப்புறத்தில் ஒரு காணி வாங்க யோசிக்கிறாராம். எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்! 1978 பெப்ரவரியில் நானும் என் மனைவி ராஜியும் இதே அலுவலாகக் கிப்ஸ்லாந்துப் பக்கம் போனோம். போய் வடிவாகப் பிழை விட்டோம். அந்தப் பிழையைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

நான் 74இலேயே வந்து டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ராஜி வந்து சேர்ந்தது 77இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டு கேற்றில், தமிழர் வீடென்று காட்டும் என் பெயர்ப் பலகை பூட்டியிருந்தது. ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் தானே திருகாணிகளைக் கழற்றி, அதை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுப் பின்வளவால் ஓடியிருக்கிறாள். மெல்பனுக்கு வந்து நாலைந்து மாதமாகியும் படுக்கையறைக் கதவடியில், எந்நேரமும் ஓடத் தயாராக ஒரு பை கட்டியபடியே இருந்தது. இஞ்சை ஒருத்தரும் வரமாட்டினம் என்று சொல்லிப் பார்த்தேன், பகிடி விட்டேன், ஏசியும் பார்த்தேன். பை அசையவில்லை. அவள் அந்தப் பையைப் பிரித்து அலுமாரியில் அடுக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் காணி யோசனையே.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். டண்டினொங்கிலிருந்து வொரகுல் கிட்டத்தட்ட எழுபது கிலோமீற்றர். எங்கள் பழைய ஹோல்டன் காரில் ஒரு மணியும் பத்து நிமிடமும். அங்கிருந்து மலைப்பாதையில் இருபத்துநாலு கிலோமீற்றர், பாதி சரளைக்கல், நாற்பது நிமிடம். போய்வரப் பெற்றோலுக்கு நாலு டொலர். சாப்பாட்டுச் செலவில்லை. புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டுதான் போனோம், கார் இரண்டு நாள் மணத்தது.

ராஜி ஒரு கொப்பியில் கேள்விகள் எழுதியிருந்தாள். தண்ணீர் எப்படி, எத்தனை மூட்டை அரிசி வைக்கலாம், தெருவிலிருந்து வீடு தெரியுமா, உள்ளே வர எத்தனை வழி. கடைசி இரண்டின் கீழும் இரட்டைக் கோடு.

விற்பனைக்கு இரண்டு காணிகள். இரண்டின் சாவியும் பில் என்பவரிடம் இருந்தது. அறுபது வயதிருக்கும், மாட்டுப் பண்ணைக்காரர், அந்த ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களுக்கும் அவர்தான் தலைவர். முதல் காணி அவருடைய பண்ணைக்குப் பக்கத்தில், தெருவோரம். மொட்டைப் புல்வெளி, தகரக் கூரை போட்ட பலகை வீடு. நடுத்தெருவில் நின்றால் குசினிக்குள் என்ன கறி என்று சொல்லலாம். ராஜி காரை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டாவது, காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீற்றர் உள்ளே. நெடிய மரங்கள் வீட்டை மூடி நின்றன. பத்து மீற்றர் கிட்டப் போகும்வரை வீடே தெரியாது. நான் யாழ்ப்பாணத்தான், முதலில் கிணறு தேடினேன். கிணறு இல்லை, கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிதான். ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு இனிப்பு. தண்ணீர் நல்லதென்றால் எங்கள் ஆட்களுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். நிழல், குளிர்ச்சி, வாசல்வரை சருகு. எங்கள் வளவு மாதிரியே இருந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜி கொப்பியில் எழுதினாள்: தெரியாது, நல்லது. ஒரே வழி, நல்லது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

இதுதான் எங்களுக்குப் பிடித்தது என்று பில்லிடம் சொன்னேன். அவர் எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே மரங்களின் அடி எல்லாம் கரி. எந்தக் கோடையிலோ பற்றிய நெருப்பாம். மறுபடி வந்தால் எந்தப் பக்கத்தால் வெளியே போவீர்கள் என்று கேட்டார். நாங்கள் வந்த பாதையைக் காட்டினேன். நெருப்பும் அதால்தான் வரும் என்றார்.

"வீடு தெரியாவிட்டால், நீங்கள் இங்கே இருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. தேடி யாரும் வரமாட்டார்கள்."

ராஜிக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். ஆனால் என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னாள்.

"அதுக்குத்தானே இதைப் பாத்தனான்."

பில் என்னைப் பார்த்தார். அதை மொழிபெயர்ப்பதை விட்டு, வெள்ளவத்தையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ராஜியைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த ஊரில் உங்கள் கேற்றுக்கு ஆட்கள் கூட்டமாக வந்தால், அம்மா, தண்ணீர் வண்டியோடுதான் வருவோம்."

திரும்பும் வழி முழுக்க ராஜி கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பாதுகாப்புத் தேடப் போய், தண்ணீர் ருசியில் மயங்கி, அவளை ஒரு விறகுக் குவியலுக்குள் குடிவைக்கப் பார்த்திருக்கிறேன். டண்டினொங் கிட்ட வரும்போது கொப்பியை மூடினாள். அந்த மொட்டைக் காணிக்கு என்ன விலை சொன்னவை என்று கேட்டாள்.

ஆகவே வாசகி அவர்களே, கோடையில் போய்ப் பாருங்கள், மழைக்காலத்தில் எல்லாக் காணியும் அழகி. வெளியேற இரண்டு வழி உண்டா, தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் உண்டா என்று பாருங்கள். வீட்டோடு ஒட்டி மரம் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். தொட்டித் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதோடு நிற்காமல் அளந்து பாருங்கள், நெருப்புக்கென்று ஒரு பங்கு தனியாக நிற்க வேண்டும். அரிசி மூட்டை பிறகு. முதலில் பக்கத்துக் காணிக்காரரோடு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். ஆபத்துக்கு யாருக்கும் தெரியாத இடம்தான் நல்லது என்று நானும் நம்பியிருந்தவன். அது ஊரைப் பொறுத்தது.

மொட்டைக் காணியைத்தான் வாங்கினோம். சாவி கைக்கு வந்த அன்று, தீயணைப்பு வண்டியில் இருந்தபடியே வாசிக்கக் கூடியதாகக் கேற்றில் பெயர் போடச் சொன்னார் பில். பெயின்ற் வாங்க வேண்டும் என்றேன். ராஜி காருக்குள் போய், கூடவே கொண்டுவந்திருந்த அந்தக் கதவடிப் பையைத் தூக்கிவந்து புல்லில் வைத்துப் பிரித்தாள். இரண்டு சேலைக்கு அடியில் என் பெயர்ப் பலகை. அரிசிப் பானையோடு போய்விட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்; அவள் திரும்பிப் போய் எடுத்திருக்கிறாள்.

அதோடு இருந்த கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து நாலு திருகாணியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"எல்லாம் கொண்டுவந்தனான். திருகி மட்டும் தாங்கோ."