வானோடிக்கு ஒரு வசனம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு விண்கப்பலுக்கு அநியாயம் நடந்தது. அதைச் சரிசெய்ய என்னை விட்டால் ஆளில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கப்பலின் பெயர் வானோடி. வெளிநாட்டுத் தொடர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டு வரும். கேப்டனும் அவருடைய ஆட்களும் கிரகம் கிரகமாகப் போய் மாட்டிக்கொள்வார்கள். கப்பல் அவர்களுக்கு வழி சொல்லும், கண்டிக்கும், மனம் வந்தால் கிண்டலும் செய்யும். அதற்கு முகம் கிடையாது, குரல் மட்டும்தான். தமிழில் அந்தக் குரல் என் அம்மாவுடையது.

மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த பிளாட்ஸில் இது எல்லோருக்கும் தெரியும். அம்மா காய்கறிப் பையோடு படியேறும்போது கீழ்வீட்டுப் பிள்ளைகள் வழிமறித்து, “ஆக்சிஜன் இன்னும் எவ்ளோ இருக்கு ஆன்ட்டி?” என்பார்கள். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, “போதுமான அளவு இருக்கிறது, பயணிகளே. அவரவர் அறைக்குத் திரும்பிப் பாடம் படியுங்கள்” என்பாள். அவர்கள் உண்மையாகவே போய்ப் படிப்பார்கள். அப்பாவுக்கு தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்குத் தாமதமாகக் கிளம்புவார். அது வானோடிக்காகத்தான் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

தொடர் முடிந்த வருடம் அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, குரல் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு கரகரத்தது. நீளமான வாக்கியம் என்றால் பாதியிலேயே வெறும் காற்றாகிவிடும். “ரொம்ப நாள் பேசியாச்சு, போதும்” என்று அம்மா டப்பிங்கை விட்டுவிட்டாள். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் குரல் பயிற்சிக்கென்று அடையாறு போய் வருவாள். களைத்துத்தான் திரும்புவாள், ஆனால் முகம் தெளிந்திருக்கும். குரல் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாணமாகும்வரை எங்களோடுதான் இருந்தார். தி.நகரில் அம்மா வேலை பார்த்த அதே டப்பிங் ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியர். ஒருநாள் சாப்பிடும்போது அவர்தான் செய்தியைச் சொன்னார். வானோடியை வைத்து ஒரு சினிமா எடுத்திருக்கிறார்கள், தொடருக்கு முன்னால் நடந்த கதை, தமிழிலும் வரப்போகிறது.

நான் தட்டோடு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். மாமா கதை சொன்னார். கேப்டன் சின்னப் பையன். அவனுடைய கிரகம் அழிந்துபோகிறது. அனாதையாக நிற்கும் அவனை வானோடி ஏற்றிக்கொள்கிறது. படம் முழுக்க அவனை வளர்க்கிறது, தூங்க வைக்கிறது, பத்திரமான ஓர் இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது.

பிசைந்த சோற்றை அப்படியே விட்டேன். தொடரின் முதல் பகுதியில், வளர்ந்த கேப்டன் வானோடிக்குள் காலெடுத்து வைக்கும்போது கப்பல் பேசுகிற முதல் வசனம், “அந்நியரே, உங்கள் குரல் என் நினைவில் இல்லை” என்பது. அம்மா அதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியதால் எனக்கு மனப்பாடம். மடியில் வைத்துத் தூங்க வைத்த பிள்ளையைப் பார்த்து ஒரு கப்பல் எப்படி அந்நியரே என்று சொல்லும்?

“அது படம் எடுத்தவனுக்குல்ல தெரிஞ்சிருக்கணும். வந்ததைத் தமிழ்ல பேசி அனுப்புறதுதான் எங்க வேலை” என்றார் மாமா.

“அப்ப கப்பல் பொய் சொல்லுச்சா?”

“மறந்துபோச்சுன்னு வச்சுக்கயேன்.”

வானத்திலுள்ள அத்தனை நட்சத்திரங்களின் பெயரையும் ஒப்பிக்கும் கப்பல் அது. அதற்கு மறதி என்று சொன்னது என் அம்மாவுக்கு மறதி என்று சொன்ன மாதிரி இருந்தது. பேசப்போவது யார் என்று கேட்டேன். மாமா அம்மாவைப் பார்த்தார். “புதுசா ஒரு பொண்ணு” என்றார். அம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றினாள்.

ஒரே கப்பலுக்கு எப்படி இரண்டு குரல் இருக்கும் என்று நான் எழுந்து நின்றே கேட்டுவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “முன்னாடி நடந்த கதைதானே? கப்பலுக்கும் அப்ப வயசு கம்மியா இருந்திருக்கும்” என்றார். அது சரியாகவே பட்டதால் கோபம் இன்னும் கூடியது.

அரையாண்டு விடுமுறை. தினமும் காலையில் மாமா ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்பே கீழே போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அவர் இறக்கிவிடுவார். மறுநாளும் உட்கார்ந்திருப்பேன். கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், மெரினாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிப் பார்த்தார். ஸ்டூடியோவுக்கு மட்டும்தான் வருவேன் என்றேன். கடைசியில் அம்மா மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, “நானே கூட்டிட்டு வர்றேன்டா. சொல்ல வேண்டியதைச் சொல்லாம இவ விடமாட்டா” என்றாள்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பிளவுஸ் தைக்கிற கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஸ்டூடியோ. டப்பிங் இன்சார்ஜ் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்தப் புதுப் பெண்ணும் அங்கேயே இருந்தாள். நொச்சிக்குப்பத்து அக்கா, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். “வணக்கம் மேடம், உங்க குரலைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்” என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவும் யாரோ புது ஆளிடம் தலையசைப்பதுபோல அசைத்தாள். பிறகு அந்த அக்கா யாரும் கேட்காமலேயே ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்தாள். காக்கா பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

“இன்னா பாப்பா, வந்ததிலேர்ந்து என்னையே மொறைச்சிக்கினு கீற?” என்று என்னிடம் குனிந்து கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு மைக் முன்னால் போய் நின்று, “பயணியே, உன் இதயத் துடிப்பு சீராக இருக்கிறது” என்றாள். நொச்சிக்குப்பத்துப் பேச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. நன்றாகப் பேசினாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்சார்ஜிடம் என் வழக்கைச் சொன்னேன். அவர் டீயைக் குடித்தபடி முழுவதையும் கேட்டார்.

“கரெக்டுதாம்மா நீ சொல்றது. ஆனா நாம இன்னா பண்ண முடியும்? அவங்க குடுத்த படம். வாயசைவுக்கு ஏத்த மாதிரிதான் பேசணும்.”

“கப்பலுக்குத்தான் வாயே இல்லையே” என்றேன்.

மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தது தெரிந்தது. நான் விடவில்லை. பையன் கடைசியாகக் கப்பலில் தூங்குகிற காட்சியில் யாரும் பேசுவதில்லை, இன்ஜின் சத்தம் மட்டும்தான் என்று மாமாவே சொல்லியிருந்தார். அங்கே கப்பல் ஒரு வசனம் சொல்லிவிட்டால் போதும். இன்சார்ஜ் கொஞ்சம் யோசித்தார். அந்தக் காட்சியைப் போடச் சொன்னார். திரையில் பையன் சுருண்டு படுத்திருந்தான், சுவரில் ஒரு நீல விளக்கு மெல்ல எரிந்து எரிந்து அணைந்தது.

“சரி, இன்னா சொல்லணும் கப்பலு?”

ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். “நீ பெரியவனாகி என்னிடம் வரும்போது, உன்னைத் தெரியாதவள்போல் இருப்பேன்.”

“அதான் ஏன்? தெரிஞ்ச புள்ளையைத் தெரியாதுன்னு ஏன் சொல்லணும்?”

அதை நான் யோசிக்கவே இல்லை. ஓட்டையை அடைத்தால் போதும் என்றுதான் வந்திருந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கண் கலங்கிவிடும்போல் இருந்தது. அப்போது அம்மா பேசினாள்.

“தெரியும்னு சொன்னா, அவன் மறுபடியும் அந்தச் சின்னப் பையனாவே ஆயிடுவான். அப்புறம் கப்பலை ஓட்டமாட்டான்.”

இன்சார்ஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எடுத்துப் பார்ப்போம்” என்றார்.

அக்கா பேசினாள். ஒருமுறை சோகமாக வந்தது, இன்னொரு முறை எச்சரிக்கை அறிவிப்புபோல வந்தது. தூங்குகிற குழந்தையிடம் சொல்வதுபோல் வரவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி அம்மாவிடம் நீட்டி, “ஒரு தடவை நீங்க சொல்லிக் காட்டுங்க மேடம்” என்றாள்.

அம்மா தயங்கினாள். பிறகு எழுந்துபோய் மைக்குக்கு மிக அருகில் நின்றுகொண்டு, குரலே எழுப்பாமல் ரகசியம்போலச் சொன்னாள். “நீ பெரியவனாகி என்னிடம் வரும்போது, உன்னைத் தெரியாதவள்போல் இருப்பேன். நீ உன் பயணத்தைத் தொடர வேண்டும்.”

ரகசியம் பேசக் குரல் தேவையில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கரகரப்பு இல்லை, எங்கேயும் உடையவில்லை. காற்றிலேயே பேசினாள், அது பழைய வானோடியாகவே இருந்தது. மாமா அதைப் பதிவு செய்துவிட்டிருந்தார்.

“இதையே வச்சுக்கலாம். அனுப்பிப் பார்க்கிறேன். வேணாம்னா கம்பெனிக்காரங்க எடுத்துடுவாங்க, அப்புறம் நீ வந்து என்கிட்ட சண்டை போடக்கூடாது” என்றார் இன்சார்ஜ். சண்டை போடுவேன் என்றேன்.

படம் வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, ஒரு பரீட்சையும் முடிந்துவிட்டது. எடுத்துவிட்டார்களா இல்லையா என்று மாமாவுக்கே தெரியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்கே போகாமல் எங்களை ராயப்பேட்டையில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப் போனார். படம் முழுவதும் நான் சீட்டின் நுனியில் இருந்தேன். அக்காவின் குரல் அந்தக் கப்பலுக்குப் பொருந்தியதையும், இடைவேளைக்குள் அது எனக்குப் பழகிவிட்டதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் பையன் சுருண்டு படுத்தான். நீல விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. இன்ஜின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்போது அந்தப் பெரிய தியேட்டர் முழுக்க, நான்கு பக்கச் சுவரிலிருந்தும், என் அம்மா ரகசியம் பேசினாள்.

பின் வரிசையில் ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், “மச்சி, அதான் மொத எபிசோடுல தெரியாதுன்னு சொல்லுச்சு” என்றான். அவனைத் திரும்பிப் பார்த்தேன். உலகத்திலேயே அறிவுள்ளவன் அவன்தான் என்று தோன்றியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது நொச்சிக்குப்பத்து அக்கா தன் வீட்டு ஆட்கள் ஒரு பட்டாளத்தோடு வாசலில் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முன்னால் வந்தாள். அம்மா, “நல்லா பண்ணியிருக்கம்மா” என்று மட்டும் சொன்னாள். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பாராட்டுக்கு இவ்வளவு அழுகை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஜெயித்தவள் நான். அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோ பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் மாமா பேச்சுவாக்கில் மற்றதைச் சொன்னார். முன்கதைப் படத்துக்கு முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளும் போய் ஒரு பகல் முழுக்க மைக் முன்னால் நின்று பேசிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “வேற பொண்ணு பாருங்க, நானே சொல்லித் தர்றேன்” என்றாளாம். அந்த அக்காவைத் தேர்ந்தெடுத்தது அம்மா. அடையாற்றுக் குரல் பயிற்சி எப்போதோ முடிந்துபோயிருந்தது. அந்தச் சாயங்காலங்களில் அம்மா ஸ்டூடியோவில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வானோடி எப்படி மூச்சு விடும், எந்தச் சொல்லில் நின்று போகும் என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை அழைத்துப் போன அன்று தனக்கும் அந்த அக்காவுக்கும் ஏற்கெனவே பழக்கம் என்று யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்னிடம் மறைத்தாய் என்றதற்கு, கையிலிருந்த புடவையை மடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

“நீ எனக்காக அத்தனை பேர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தே. வேற குரலுக்கு நான் எப்பவோ ஒத்துக்கிட்டேன்னு உன்கிட்ட எப்படிடி சொல்றது?”