பரிமளம் நர்சம்மாவிடம் சொல்லாமல் விட்டது

செவ்வாய்க்கிழமை காலை தறிக்குடோனில் வேலையாக இருந்தபோது பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா போன் செய்தார். "அம்மணி, நம்ம பரிமளம் நர்சம்மா தவறிட்டாங்களாமா. நெஞ்சு வலியாமா." நான் நம்பவில்லை. எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை நான்.

முதல் பிரசவத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்காமலே கருத்தடைக்கான காப்பர் டி வைத்துவிட்டார்கள். அதை எடுத்த அன்று உயிர் போய் வந்தது. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு நானாகவே அதை வைத்துக்கொள்ள எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா அங்கேதான் இருந்தார்.

"வலிக்குமுங்களா?"

"வலிக்கும் கண்ணு. வலிக்காதுன்னா நீ நம்பவா போறே?" என்று சிரித்தார். வலி குறைய ஒரு மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்.

இவ்வளவு அக்கறை எதற்கு? மயங்க வைத்து ஆபரேஷனே செய்துவிடுவார்களோ? அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன்.

டாக்டரம்மா தொடங்கியதுமே அலறினேன்.

"நிறுத்துங்க டாக்டர்," என்றார் நர்சம்மா.

"ரெண்டு பெத்தவதானே, இதென்ன வலி?" என்றார் டாக்டரம்மா.

"பெத்தவளுக்கும் வலி வலிதானுங்க." என் பக்கம் குனிந்தார். "மாத்திரை முழுங்கினயா அம்மணி?"

"முழுங்கினேனுங்க."

என் முகத்தையே பார்த்தார். பிறகு டாக்டரிடம், "மாத்திரை போட்டும் துடிக்கறா. மரத்துப்போற ஊசி போட்டுச் செய்யலாமுங்க," என்றார். "வலிச்சா கையைத் தூக்கு கண்ணு, நிறுத்திப்போடுவோம்," என்று எனக்கும் சொன்னார். ஊசி போட்டபின் தாங்குகிற வலிதான். இருந்தாலும் சோதித்துப் பார்க்கவே கையைத் தூக்கினேன். நிஜமாகவே நிறுத்தினார்கள்.

அதன்பிறகு அங்கே கேட்கிற பெண்களுக்கெல்லாம் அந்த ஊசி கிடைத்தது. "மாத்திரை முழுங்கியும் ஒருத்தி துடிச்சுப்போட்டா" என்று சொல்லித்தான் டாக்டரைச் சம்மதிக்க வைத்தாராம். மும்தாஜ் அக்காவும் அப்படித்தான் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று சாவு வீட்டில் அவருக்கு மாலையைப் போட்டுவிட்டுக் காதருகே குனிந்து, "நான் முழுங்கலீங்க," என்றேன். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் சந்தேகப்படுகிறேன். தெரிந்தே எனக்காகப் பேசினாரா? அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சாவு வீட்டில் 'வாரேன்' சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வாரேனுங்க நர்சம்மா.