பதினொரு கொக்கி

காலையிலிருந்து அவள் கை சும்மா இல்லை. தைத்து முடித்த கால்சட்டையைப் பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஊசியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாள். அது வாயில் இருந்தது.

பக்கத்து அறையில் மகள் வயலினுக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் கச்சேரி. இசை நாடகங்களுக்குப் பாட்டமைத்த பெரியவரின் நூற்றாண்டு.

"அந்த இடையிசை இருக்குமா, இருக்காதாடி?"

"எத்தனை தடவை கேப்ப? பாட்டுக்கு நடுவுல சும்மா இழுக்குதுன்னு வாத்தியக்குழு நடத்துநர் சொல்றார். மத்தியான ஒத்திகையிலதான் தெரியும்."

"யாரைக் கேட்டு எடுக்கிறாராம்?"

"உன்னைக் கேட்டுத்தான் எழுதினாங்களாக்கும்!"

என்னைக் கேட்டுத்தான் எழுதினார் என்று சொல்ல வாயெடுத்தாள். "ஆரம்பிச்சுட்டியா" என்றாள் மகள்.

பத்தொன்பது வயதில் நாடகக் குழுவில் சேர்ந்தவள். நடிகைகளுக்கு உடை மாற்றிவிடுகிற வேலை. ஒரு நாடகத்தில் நாயகி வீட்டு உடையில் பாடத் தொடங்குவாள்; மேடை இருளும்; வெளிச்சம் வரும்போது பயண உடையில் நின்று மீதியைப் பாடவேண்டும். பயண உடைக்கு முதுகில் பதினொரு கொக்கி. முதல் ஒத்திகையில் இசை முடிந்துவிட்டது, கொக்கி முடியவில்லை. நாயகி திறந்த முதுகோடு ஓடிவந்து பாடினாள். குழுவே சிரித்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் வந்தார்.

"உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"நேரமெல்லாம் தெரியாதுங்க ஐயா. பதினொரு கொக்கி."

"போடு, பார்க்கிறேன்."

அவள் போடப் போட அவர் உடைப்பெட்டிமேல் விரலால் தட்டினார். எட்டாவதில் கை நின்றது.

"அங்க என்ன?"

"அது எப்பவும் மக்கர் பண்ணும் ஐயா."

மறுநாள் பதினொரு கொக்கிக்கும் அளவாக இடையிசை வந்தது. எட்டாவது இடத்தில் டிரம் உருண்டது. நானூறு காட்சி. ஒருநாளும் அவள் பிந்தவில்லை. எல்லோருக்கும் கொக்கியக்கா ஆனாள். மேடைத் தச்சனைக் கட்டிக்கொண்டபோது மாப்பிள்ளையே அப்படித்தான் கூப்பிட்டான். பிறகு குழு கலைந்தது. தச்சனும் போய்ச்சேர்ந்தான். இவள் வீட்டிலேயே துணி பிடித்துத் தைக்கலானாள்.

மத்தியானம் மகளை முந்திக்கொண்டு அரங்குக்குப் போய்விட்டாள். ஒத்திகை நடுவில் ஓரமாக நின்றவளை மகள் வேறு வழியில்லாமல் அறிமுகம் செய்தாள். நடத்துநர் சின்ன வயது. தாள்களோடு ஓடிவந்தார்.

"அம்மா, நீங்க அந்த நாடகத்துலயே இருந்தவங்களா? நல்லதாப் போச்சு. இந்த இடையிசை அப்போ மேடையில என்ன நடக்கும்? சும்மா நேரம் போக்கத்தான்னா எடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

அவள் வாய் திறந்தது. நாற்பது வருடமாக நாக்கு நுனியில் நின்ற பதில். உடை மாற்றத்தான் என்று சொன்னால் அந்த நிமிடமே தாளில் பென்சில் கோடு விழும்.

"அந்தப் பொண்ணு தனியா நிப்பா" என்றாள். "வீட்டை விட்டுப் போகலாமா வேண்டாமான்னு."

"அசையாமலா?"

"அசையவே கூடாது." அது ஒன்றுதான் நிஜம். அசைந்தால் கொக்கி நழுவும்.

"நடுவுல டிரம் உருளுதே?"

"அங்கதான்... முடிவெடுப்பா."

"அப்படியா!" என்றார் அவர். கண் விரிந்துவிட்டது. மகள் வயலின் வில்லை மடியில் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. நடத்துநர் அந்தப் பாட்டுக்கு முன் திரும்பி நின்று, ஒரு பெண்ணின் மனப்போராட்டத்தைப் பெரியவர் எப்படி இசையாக்கினார் என்று விளக்கினார். கைதட்டினார்கள். இவளுக்குக் காது சுட்டது. புடவைத் தலைப்பை முறுக்கினாள், விட்டாள், முறுக்கினாள்.

இடையிசை தொடங்கியது. மடியில் விரல்கள் தாமாக எழுந்தன. ஒன்று. இரண்டு. எட்டில் டிரம் உருண்டது. பக்கத்து இருக்கைப் பெண்மணி மூக்கை உறிஞ்சினாள்.

"பாவம்ல, அந்தப் பொண்ணு?" என்றாள் இவளிடம்.

"ம்" என்றாள்.

ஆனால் எங்கோ இடித்தது. டிரம்முக்குப் பிறகு நடத்துநர் உருகி உருகி, மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். போராட்டமாயிற்றே. ஒன்பது, பத்து, பதினொன்று. முடிந்துவிட்டது. இசை இன்னும் போய்க்கொண்டிருந்தது. மேடையில் மகள் வில்லை இழுத்தபடியே ஒருமுறை இவள் பக்கம் பார்த்தாள்.

விரல்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இல்லாத கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கின.