வலது நெற்றியில் ஒரு திராட்சை

எனக்கு இடது வலது வராது. சோறு பிசைகிற கையை லேசாக அசைத்துப் பார்த்துக்கொண்டால்தான் வலது எதுவென்று விளங்கும். ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் இடதுக்கு ஏறக்குறைய ஒரே சொல்தான். அப்படியும் நான் வழி சொல்லி யாரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் "லெஃப்ட்" என்றால், என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வலது பக்கம் திருப்புவார். அநேகமாக அதுதான் சரியான வழியாக இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மூளை ஸ்கேனுக்கு வருகிறவர்களின் வலது நெற்றியோரம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை பிளாஸ்திரியால் ஒட்டிவிடுவேன். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். தெரிகிற பக்கம் வலது. கூட வேலை செய்கிறவர்கள் என்னை மீன்கடை என்று கேலி செய்வார்கள்.

உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற பெண் ஒருத்தி விடாத தலைவலியோடு வந்தாள். மாத்திரையைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டாள்.

"மீனா? நான் கோயிலுக்கு மாலை போட்டுக்கினு இருக்கேன்க்கா. கவுச்சி ஆகாது."

"ஒட்டத்தானே போறேன், திங்கவா சொன்னேன்?"

"மேல பட்டாலே ஆகாதுக்கா."

வாதாடிப் பார்த்தேன். அவள் மசியவில்லை. கடைசியில் என் டிபன் டப்பாவிலிருந்து ஒரு கறுப்புத் திராட்சையை எடுத்து ஒட்டினேன். நீர் நிறைந்த பழம் என்பதால் அதுவும் படத்தில் தெரியும்.

படத்தில் திராட்சை அழகாக விழுந்தது. கூடவே ஒரு கட்டியும். பயப்படுகிற மாதிரி இல்லை, எடுத்துவிட்டால் போதும் என்ற எங்கள் டாக்டர், வலது பக்கம் என்று ரிப்போர்ட் எழுதினார். ஆபரேஷன் பெங்களூரில். எங்கே திறப்பது என்று கணினியில் பார்த்து முடிவு செய்ய, படக் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கேட்டார்கள். மாற்றித் திறந்தால், கட்டி மறுபக்கம் போயிருந்தது!

தப்பான பக்கம் மண்டையைத் திறந்துவிட்டால்? நாங்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்க்கிற மாதிரி படத்தை வைப்போம். மாற்றிய கோப்பைத் திறக்கிற மென்பொருள் தலைமாட்டிலிருந்து பார்க்கிறது, அவ்வளவுதான் என்று புத்திக்குப் பட்டது. ஆனால் என் புத்திக்குப் பட்டதை நம்பி இன்னொருத்தி தலையை ஒப்படைக்க முடியுமா? திராட்சையைத் தேடினேன். அதுவும் கட்டியோடு சேர்ந்து மறுபக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அப்பாடா, இரண்டும் ஒரே பக்கம்தான். மூச்சு விடுவதற்குள் அடுத்த சந்தேகம். அன்றைக்கு இருந்த கோபத்தில், எதிரே நின்றுகொண்டு அதை ஒட்டினேனே, அவளுடைய வலதிலா, என்னுடைய வலதிலா?

அவளுக்கே போன் போட்டேன்.

"அந்தத் திராட்சைய எந்தப் பக்கம் ஒட்டுனேன், ஞாபகம் இருக்குதா?"

"சோத்தாங்கைப் பக்கம்க்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்னாக்கா இருக்குது? வெளிய வந்ததும் அந்தக் கையாலயே பிச்சி வாயில போட்டுக்கினேன். செம பசி."

சாட்சியையே தின்றுவிட்டிருக்கிறாள்! கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு டாக்டரிடம் காட்டி, படத்தில் வலது எது என்று பெரிதாகக் குறித்து, பெங்களூருக்கும் போனில் சொல்லிவிட்டுத்தான் கோப்பை அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு பை நிறையத் திராட்சையோடு அவள் வந்து நின்றாள். தலைவலி போயே போய்விட்டதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழித்த பக்கத்தில் முடி குட்டையாக முளைத்திருந்தது. மிச்சமிருந்த கூந்தலில் ஒரு ரோஜா.

"எந்தப் பக்கம் ஆபரேஷன் பண்ணாங்க, சொல்லுங்க்கா பாக்கலாம்" என்று வம்புக்கு இழுத்தாள்.

"வலது" என்றேன் உடனே. சொன்ன பிறகுதான் கவனித்தேன், கையை நான் அசைத்துப் பார்க்கவே இல்லை.