ஐஸ்காரர் குத்திய பதக்கம்

தேசிய நாள் நெருங்கினால் அந்தத் தெருவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தேசபக்தி பிடித்து ஆட்டத் தொடங்கிவிடும். வருஷம் முழுக்கத் தன் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுகிறவர்கள்கூட அந்த ஒரு வாரம் சொந்த வாசலைக் கூட்டுவார்கள். லிஃப்டில் ஏறினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள். மைக்செட்காரிக்கு இதையெல்லாம் பார்த்தால் குமட்டிக்கொண்டு வரும். இருந்தாலும் ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் மைக்செட் போடுவது ஒன்பது வருஷமாக அவள்தான்.

கடை அப்பா வைத்தது. அவர் போன பிறகு அவளும் தம்பியும் நடத்தினார்கள். தம்பி வேன் ஓட்டுவான், கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவான். ஆம்ப்ளிஃபையர் பக்கம் அவனை அவள் அண்ட விடுவதில்லை. வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "ஊர்ல கேக்குற சத்தம் போதாதா, வீட்டுக்குள்ள வேற ஒண்ணு வேணுமா?" என்பாள். முப்பது வருஷம் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில், மைக்கைப் பிடிக்கிற தினுசிலேயே ஆளை எடைபோடப் பழகியிருந்தாள். டொக் டொக்கென்று தட்டுகிறவன் பயந்தாங்கொள்ளி. ஊதிப் பார்க்கிறவன் வீட்டில் பேச்சு எடுபடாதவன். ஸ்டாண்டிலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறானா, தொலைந்தது, அவன் சீக்கிரத்தில் இறங்க மாட்டான்.

சங்கத் தலைவர் உருவிக்கொண்டு நடக்கிற ரகம். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிகாரியாகி, ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே தெருவாசிகள் சங்கத்துக்குத் தலைவரானார். தேசிய நாளன்று அவர் பேசும் பேச்சு ஒன்றே ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, அவர் ஜனங்களைத் தோளில் சுமந்து பள்ளிக்கூட மாடியில் சேர்த்த கதை. முதல் வருஷம் சுமந்தது இரண்டு குழந்தைகள். மூன்றாம் வருஷம் அது ஐந்தாகி, கூடவே ஒரு கர்ப்பிணியும் சேர்ந்துகொண்டாள். போன வருஷக் கணக்குப்படி பதினேழு பேர், ஒரு பசுமாடு.

அத்தனையும் அண்டப்புளுகு. மைக்செட்காரி நடந்ததைக் கண்ணால் கண்டவள். அன்றைக்கு அவளுக்குப் பத்தொன்பது வயது. கடைக்குள் தண்ணீர் ஏறியபோது, அப்பா புதிதாக வாங்கியிருந்த ஆம்ப்ளிஃபையரைத் தலையில் வைத்துக்கொண்டு மேஜைமேல் நின்று அலறினாள். வந்தவர் ஐஸ்காரர். மீன்கடைகளுக்கு ஐஸ் பாளம் சுமந்து போடுகிறவர். "அந்தப் பெட்டியக் கீழ போடும்மா" என்றார். அவள் மாட்டேன் என்றாள். மனுஷர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸ் பாளத்தைத் தூக்குகிற மாதிரி அவளைத் தூக்கித் தோளில் வைத்தார். ஐஸ்காரர் தோளில் அவள், அவள் தலையில் ஆம்ப்ளிஃபையர், இப்படித்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் அப்படியே திரும்பி இறங்கிப் போனார். அடுத்த நடையில் அவர் முதுகில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குரங்குக் குட்டி மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தா. வீட்டுப் பரண்மேல் ஏறி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம்.

தொழிலில் இறக்கிவிட்ட அன்றே அப்பா சொல்லிவைத்திருந்தார், மேடையில் எவன் என்ன உளறினாலும் நம் வேலை சத்தம் பிசிறடிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்று. அதனால் ஒன்பது வருஷமும் வாயைத் திறக்காமல், அந்தப் புளுகைக் கணீரென்று தெருவெல்லாம் கேட்கும்படி செய்துகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ஒரு படி மேலே போய்விட்டார்கள். வெள்ளத்தில் செய்த சேவைக்காகத் தலைவருக்கு ஒரு வீரப்பதக்கம். சங்கமே தீர்மானம் போட்டு, சங்கமே பதக்கத்தையும் செய்யக் கொடுத்திருந்தது. தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர் தலைவர்.

ஊர்வலம் நாலு மணிக்குக் கிளம்பியது. முன்னால் தம்பி ஓட்டிய வேன், அதன் பின்புறத்தில் ஆம்ப்ளிஃபையரோடு அவள். அடுத்து திறந்த ஜீப்பில் தலைவர், பனியில் நனைந்த மாதிரி முகம் பளபளக்க நின்று கையாட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மூன்றே பாட்டுத் தெரிந்த பேண்டு வாத்தியக்காரர்கள், சைக்கிளில் காகிதப்பூ சுற்றிய பிள்ளைகள், ஒரே நிறத்தில் உடுத்த வேண்டுமென்று மூன்று கூட்டம் போட்டும் நாலு நிறத்தில் வந்து சேர்ந்த மகளிர் அணி. ஓய்வு பெற்ற அதிகாரிகள் அணிநடை போட்டார்கள். ஒருத்தர் இடது காலை எடுத்து வைத்தால் மற்றவர் வலது காலை எடுத்து வைத்தார். தலைவர் வீட்டு முன்னால் வண்டி நின்றது. மாடியிலிருந்து அவர் சம்சாரம் வீடியோ எடுக்க வேண்டுமாம். எடுத்து முடித்த பிறகுதான் அந்தம்மா பட்டனை அழுத்தவில்லை என்று தெரிந்தது. மொத்த ஊர்வலத்தையும் ஐம்பது அடி பின்னுக்கு நகர்த்தி, பேண்டை முதல் பாட்டிலிருந்து வாசிக்கச் சொல்லி, தலைவர் மறுபடியும் கையாட்டினார்.

"தூ" என்றாள் மைக்செட்காரி.

"அக்கா, மைக் ஆன்ல இருக்கப்போவுது" என்று தம்பி முன்னாலிருந்து பதறினான்.

"எனக்குத் தெரியாதாடா? நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

ஐஸ்காரர் ஊர்வலத்தின் கடைசியில் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். சுமந்து சுமந்து வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. சங்கத்தின் பேனரில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வருவது வருஷா வருஷம் அவர்தான். மைதானத்துக்கு வந்ததும் பேனரைச் சுருட்டி வைத்துவிட்டு, முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொள்வார். தலைவர் வெள்ளக் கதையை அளக்கும்போது கைதட்டவும் செய்வார். தலைவர் மீது இருக்கிற கடுப்பைவிட இவர் மீதுதான் அவளுக்குக் கடுப்பு அதிகம். அவன் புளுகுகிறான், அது அவன் பிறவி. இந்த மனுஷருக்கு என்ன கேடு? சொரணை என்று ஒன்று வேண்டாமா?

அன்று தலைவர் பேசி முடித்தபோது, சுமந்தவர்கள் எண்ணிக்கை இருபத்தொன்றில் வந்து நின்றது. ஐஸ்காரர் கைதட்டினார். அவளால் பொறுக்க முடியவில்லை. பேண்டுக்காரர்கள் நடுவில் வாசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வயரைச் சரி செய்கிற சாக்கில் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு வெக்கமா இல்ல? நீங்க தூக்கிட்டு வந்த ஆளு, ஊரையே நான்தான் தூக்குனேன்னு சரடு விடுறாரு. நீங்க உக்காந்து கைதட்டுறீங்க!"

அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "ஒம்போது வருஷமா மேடைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கியேம்மா, ஒண்ண கவனிக்கலியா நீ? தலைவரு மைதானம் பூராவும் பாத்துப் பேசுவாரு. நான் உக்காந்திருக்கிற எடம் வந்தா மட்டும் கண்ணு தாண்டிப் போயிடும். ஒரு தடவகூட என் மூஞ்சியப் பாத்ததில்ல. அதப் பாக்கத்தான் நேரா எதுக்க வந்து உக்காருறேன். எனக்கு அது போதும்."

முப்பது வருஷமாக ஆட்களை எடைபோட்ட தன் திறமைமேல் மைக்செட்காரிக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. இவ்வளவு அழுத்தமான ஆளையா சொரணை கெட்டவர் என்று நினைத்தோம்?

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஓடி வந்தார். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். வியர்த்துக் கொட்டியது.

"அக்கா, சிறப்பு விருந்தினர் வரலையாம். போன எடுக்க மாட்டேங்கிறாரு. பதக்கம் யாரு குத்துறது? தலைவரு மேடைல நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறாரு. ஏழு நிமிஷத்துல வாணவேடிக்கை. ஏதாவது சொல்லிச் சமாளிங்களேன்!"

"சமாளிக்கவா?" என்றாள் அவள். "சமாளிச்சிடுவோம்."

அறிவிப்புக்கென்று வைத்திருந்த மைக்கை எடுத்தாள். ஒன் டூ த்ரீக்கு மேல் அதில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தலைவருக்குப் பதக்கம் குத்த, அந்த வெள்ளத்துல அவரோட கூடவே இருந்த நம்ம ஐஸ்காரர் அண்ணன மேடைக்குக் கூப்பிடுறோம். அன்னைக்கு யாரு யாரத் தூக்குனாங்கன்னு அவரவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல. எல்லாரும் ஜோரா ஒரு தடவ கைதட்டுங்க."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஐஸ்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடையில் ஏறினார். செயலாளர் தட்டை நீட்டினார். பதக்கத்தை எடுத்துக் குத்த வேண்டுமென்றால் எதிரெதிரே நின்றுதானே ஆக வேண்டும்? தலைவர் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஐஸ்காரரின் மோவாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், தன் பாக்கெட்டையே குனிந்து பார்த்தார். ஐஸ்காரர் அவசரப்படவே இல்லை. ஊசியைத் திறந்து, துணியில் ஏற்றி, கோணல் பார்த்து, கழற்றி, மறுபடியும் ஏற்றினார். அந்த இரண்டு நிமிஷம் மைக்செட்காரிக்கு ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தலைவர் லேசுப்பட்ட ஆளா? மைக்கை உருவினார். ஐஸ்காரர் தோளில், அதுவும் அந்த இறங்கிய வலது தோளில், கையைப் போட்டார்.

"அன்பான தெருவாசிகளே! இவர் யார் தெரியுமா? அன்றைக்கு அந்தக் கொடும் வெள்ளத்தில், நான் என் தோளில் சுமந்து வந்தேனே, அவர்களில் ஒருவர்தான் இவர்! இருபத்திரண்டாவது ஆள்! நன்றி மறக்காமல், இன்றைக்கு என் நெஞ்சில்…"

மைதானம் கைதட்டலில் அதிர்ந்தது. மகளிர் அணியில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்செட்காரிக்கு ரத்தம் தலைக்கேறியது. இதற்கு மேலும் இந்த வாய்க்குச் சத்தம் கொடுத்தால் தன் கை அழுகிவிடும் என்று தோன்ற, படாரென்று ஆம்ப்ளிஃபையரை அணைத்தாள்.

மேடைக்கு முதுகைக் காட்டியபடி அணைத்தவள், நிமிர்ந்து திரும்பியபோது மைக் ஐஸ்காரர் கையில் இருந்தது. தலைவரிடமிருந்து எப்போது வாங்கினார் என்றே தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"…பரண் மேல இருந்து எறக்குனதே நான்தான் சார். கனமான ஆளு நீங்க, அன்னைக்கே. வழி நெடுக என் கழுத்தக் கடிச்சீங்க. பல்லு பட்ட எடம் இன்னும் இருக்கு, இதோ" என்று காலரை விலக்கிக் காட்டினார்.

அது கேட்டது மேடையில் நின்ற தலைவருக்கும் செயலாளருக்கும் கீழே அவளுக்கும் மட்டும்தான். பதறிப்போய் அவள் சுவிட்சைத் தட்டினாள். அவளுடைய ஆம்ப்ளிஃபையர் பழைய காலத்தது, சூடேறிச் சத்தம் வர அரை நிமிஷம் ஆகும். அதற்குள் முதல் வாணம் மேலே போய் வெடித்தது. அத்தனை தலைகளும் வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. பச்சையும் சிவப்புமாகப் பூப்பூவாய்ச் சொரிந்தது. பிள்ளைகள் கூவின. ஐஸ்காரர் மைக்கை ஸ்டாண்டில் பதவிசாக மாட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, நாசமாப் போன கை… நான்தான் அணைச்சேன். நீங்க பேசுவீங்கன்னு நெனைக்கலண்ணே."

"நானே நெனைக்கல" என்றார் ஐஸ்காரர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுருட்டி வைத்த பேனரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மனசு ஆறாமல், மறுநாள் காலையில் அவள் மருந்துக்கடைக்குப் போனாள். வாடிக்கையாளர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னாலேயே வெள்ளத்தன்று நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். செயலாளர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"இது தெரிஞ்சதுதானேக்கா" என்றார். "எங்கப்பாவையும் ஐஸ்காரர்தான் தூக்கிட்டு வந்தாரு. அப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

"தெரிஞ்சுமா பதக்கம் குடுத்தீங்க?"

"என்ன பண்றது? மைதானத்துக்கு அனுமதி, வாணவேடிக்கைக்கு அனுமதி, எல்லா ஆபீஸ்லயும் அவருக்குத்தான் ஆளுங்க இருக்கு. ஒரு பதக்கம்தானே, போட்டா குறைஞ்சா போயிடும்?"

அவள் மற்ற நாலு பேரையும் பார்த்தாள். ஒரு பெரியவர் தலையை ஆட்டி, "எங்க வீட்டுல ரெண்டு பேரு" என்றார், ஏதோ ரேஷன் விவரம் சொல்கிறவர் மாதிரி. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒன்பது வருஷமும் கை வலிக்கத் தட்டியிருக்கிறார்கள். ஒரு புளுகனை வெறுப்பதற்கு அவளிடம் வேண்டிய அளவு தெம்பு இருந்தது. தெருவையே வெறுக்க வேண்டும் என்றானதும் ஆயாசமாக இருந்தது. தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, ஒம்போது வருஷ வாடிக்க."

"அவனுங்க பொய்யக் கேக்கத்தான் காத்திருக்கானுங்க. அதுக்கு நல்ல செட் எதுக்குடா?"

சொன்னபடியே அடுத்த வருஷம் அவள் போகவில்லை. வேறெங்கிருந்தோ புது செட் கொண்டுவந்தார்கள், கலர் விளக்கெல்லாம் எரிகிற செட். மாலையில் அவள் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு, ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஐஸ்காரர் வந்தார்.

"நீங்க போகலியாண்ணே?"

"போரடிச்சிருச்சும்மா. இப்பெல்லாம் அந்தாளு என் மூஞ்சிய நேரா பாத்தே பேசப் பழகிக்கிட்டாரு. போன வாரம் ரோட்டுல நிறுத்தி, எப்படி இருக்கே, அன்னைக்கு நான் மட்டும் தூக்கலேன்னா நீ என்ன ஆயிருப்பேங்கிறாரு. அவரே நம்பிட்டாரு."

மைதானத்துப் பக்கமிருந்து புது செட் வீலென்று அலறியது. சத்தத்தைக் குறைக்கத் தெரியாத எவனோ மேலும் ஏற்றினான், அது இன்னும் கோரமாக அலறியது. தலைவரின் குரல் அந்த அலறலுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. எத்தனை பேர் என்கிற எண்ணிக்கை மட்டும் காதில் விழவில்லை.

ஐஸ்காரர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அந்தத் திருப்புளிய எங்கிட்ட குடு, நான் கழட்டுறேன்" என்றார்.

அவள் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.