இரண்டு பேர் பிடிக்கும் ரம்பம்

எங்கள் சித்தப்பா மோட்டார் சைக்கிள் இஞ்சினை வைத்து மரம் அறுக்கும் ரம்பம் செய்த வருடம் நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அரிமளம் கடைவீதியில் பைக் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். அவர் கடையை மூடி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்வரை ஒரு பழைய ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். என் நோட்டுகளில் கிரீஸ் கறை இல்லாத பக்கம் கிடையாது. டீச்சர் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்.

எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் தைலமரத் தோப்புகள். மரம் அறுக்கிறவர்களும் லாரியில் ஏற்றுகிறவர்களும் நிறைந்த ஊர் என்பதால், பொங்கல் விளையாட்டில் உறியடி, கோலப்போட்டியோடு மரம் அறுக்கும் போட்டியும் உண்டு. இரண்டு முட்டுகளின் மேல் கிடத்திய கட்டையிலிருந்து மூன்று வில்லைகளை முதலில் அறுத்துத் தள்ளுகிறவருக்கு ஓர் ஆட்டுக்கிடா. வருடாவருடம் அந்தக் கிடாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர் திருமயம் பக்கத்து ஆள் ஒருவர். கடையில் வாங்கிய சாதாரண மிஷின்தான் வைத்திருந்தார். ஆனாலும் அவர் கை வைத்தால் கட்டை கேட்கும்.

அப்போதுதான் சித்தப்பா புது செல்போன் வாங்கியிருந்தார். அதில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டில் தாடிக்காரர்கள் பைக் இஞ்சினை ரம்பத்தில் பூட்டி, ஆள் தடிமன் கட்டையை வாழைத்தண்டு நறுக்குவதுபோல் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அதைச் சாப்பிடும்போதும் பார்த்தார், சாப்பிட்டு முடித்தும் பார்த்தார். மறுவாரம் திருச்சி காயலான் கடையிலிருந்து ஒரு டூ ஸ்ட்ரோக் இஞ்சின் வந்து இறங்கியது. இரட்டை சிலிண்டர். அதை இறக்கிவைத்த ஆட்டோக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

கியர் பெட்டியைத் தனியாக அறுத்து எடுத்துவிட்டு, இஞ்சின் தண்டிலேயே செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பொருத்தினார். நீளமான ஒரு ரம்பப் பட்டை, அதைச் சுற்றிச் செயின், இரும்புக் குழாயை வளைத்து ஒரு கைப்பிடி. இவ்வளவு கனத்தை ஒருவர் தாங்க முடியாது என்று பட்டையின் நுனியில் இன்னொரு கைப்பிடியும் வைத்தார். கயிற்றைச் சுற்றி இழுத்தால் இஞ்சின் கிளம்பும். நிறுத்துவதற்கு ஸ்விட்ச் வைக்கவில்லை. கார்புரேட்டர் வாயில் பழந்துணியைத் திணிப்பார். காற்று கிடைக்காமல் இஞ்சின் விக்கி நின்றுவிடும்.

நுனிக் கைப்பிடியை முதலில் பிடித்துப் பார்த்தவர் அப்பா. அதே கடைவீதியில் மறுகோடியில் மருந்துக்கடை வைத்திருந்தார். பொங்கல் கமிட்டியிலும் இருந்தார். இஞ்சின் கிளம்பிய உடனேயே கைப்பிடியை விட்டுவிட்டார். பட்டை தரையில் குத்தி மண்ணை வாரி இறைத்தது. இரண்டு பிள்ளைகள் பெற்றவன் செய்கிற வேலையில்லை இது என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அப்பா வீட்டுக்குப் போய்க் குளித்தார். அதன்பிறகு சித்தப்பா கேட்ட ஆட்கள் எல்லோருக்கும் அவசர வேலை இருந்தது.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு எதிரில் இருந்த மரக்கடையில் மரம் அறுக்கிறவர் அவர். எங்கள் அத்தையின் கணவர். அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. மாமா ஒரு காலத்தில் சித்தப்பாவின் கூட்டாளி. வாடா போடா பழக்கம். சித்தப்பாவைப் பார்க்க என்று சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் அத்தையும் அவரும் யாரிடமும் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அத்தையின் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அதெல்லாம் நடந்தபோது நான் ரொம்பச் சின்னவள். அத்தையின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

ஒரு சாயங்காலம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

“எதுத்தாப்புல மரக்கடைல யாரு இருக்காங்களோ, அவங்ககிட்டப் போயி, செயினு மரத்துல எறங்க மாட்டேங்குது, ஏன்னு கேட்டுட்டு வா.”

மரக்கடையில் மாமா ஒருவர்தான் இருந்தார். வேறு யாரும் அந்த நேரத்தில் இருப்பதில்லை. நான் கேட்டதும் அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். சித்தப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, எந்தக் குறையும் இல்லாத ஒரு வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“என்னைய என்னன்னு கூப்புடுவ நீ?” என்று மாமா கேட்டார்.

“ஒண்ணும் கூப்புடக் கூடாதுன்னு வீட்ல சொல்லிருக்காங்க.”

அவர் கையிலிருந்த அரத்தைச் சற்றுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். “சரி, கூப்புட வேணாம். வந்து பல்லப் பாக்குறேன்னு சொல்லு.”

அன்றுமுதல் தினமும் மரக்கடை வேலை முடிந்ததும் வந்தார். பட்டறையில் ஆளுக்கொரு பக்கமாக, ரம்பத்தை நடுவில் வைத்து உட்காருவார்கள். நான் ஸ்கூட்டர் சீட்டில். மாமா என்னைப் பார்த்து, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் மேட்டைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லச் சொல்வார். நான் திரும்பிச் சித்தப்பாவிடம் சொல்வேன். தேய்த்தால் பட்டை துள்ளாதா என்று கேட்கச் சொல்வார் சித்தப்பா. நான் இந்தப் பக்கம் திரும்பிக் கேட்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீள இடைவெளிதான். இஞ்சின் சத்தத்தில் இருவருக்கும் காது அடைத்துப்போய்விட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அதனால் சேதியை நல்ல சத்தமாகச் சொல்வேன். டீக்கடையிலிருந்து சிரிப்பார்கள். இவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஒருவர் சொல்லி முடிக்கும்முன்பே மற்றவர் கை ஸ்பேனரை எடுத்துவிடும். என்றாலும் நான் திரும்பிச் சொல்லும்வரை அதை நீட்டாமல் காத்திருப்பார்.

இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து சில நாட்கள் போகவில்லை. திரும்பிப் போனபோது ரம்பம் விட்ட இடத்திலேயே கிடந்தது. மாமா தினமும் வந்து, உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போனாராம். டீக்கடைக்காரர் சொன்னார். நான் இல்லாமல் இவர்களுக்கு ஒரு வேலையும் ஓடாது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பட்டறைக்கு யாரெல்லாம் வருகிறார்கள் என்று அப்பா ஒருநாள் கேட்டார். மரக்கடைக்காரர் வருகிறார் என்றேன். அப்பா செய்தித்தாளை மடித்தார், பிறகு விரித்தார்.

போட்டி நாளில் பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. கமிட்டிக்காரர்கள் வரிசையில் அப்பா, புது வேட்டியும் தோளில் வெள்ளைத் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நான். பெண்கள் பக்கம் அம்மா என் தம்பியோடு நின்றாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒருத்தி தனியாக நின்றாள். முகம் அப்பாவின் முகமாக இருந்ததால் யாரென்று எனக்குத் தெரிந்தது.

சித்தப்பாவும் மாமாவும் ரம்பத்தை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் சிரித்தது. சித்தப்பா கயிற்றை இழுத்ததும் சிரிப்பு நின்றது. குழந்தைகள் அழுதன. மைதானத்து ஓரத்தில் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தது. விசில் ஊதினார்கள். திருமயத்துக்காரர் முதல் வில்லையில் பாதி போவதற்குள் எங்கள் ரம்பம் முழுதாக ஒன்றைத் தள்ளிவிட்டது. அவர் முதல் வில்லையை முடித்தபோது எங்களது இரண்டாவது கீழே விழுந்தது.

மூன்றாவதுக்காகப் பட்டையைத் தூக்கினார்கள். அப்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டது. இஞ்சின் தறிகெட்டுக் கத்தியது. வெட்ட மரமில்லாமல் செயின் வெறும் காற்றில் பறந்தது, பட்டையிலிருந்து நழுவத் தொடங்கியது. கீழே வைக்கவும் முடியாது. தரையில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. துணியைத் திணிக்க இருவரிடமும் கை இல்லை. இரண்டு பேரும் அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

“மச்சான், நீங்க விட்டுட்டுத் தள்ளிப் போங்க. நான் புடிச்சுக்கிறேன்” என்று சித்தப்பா கத்தினார்.

“நான் விட்டா ஒன் மேல திரும்பும் மாப்ளே. நீ விடு.”

“நீங்க போங்கங்குறேன்ல.”

அவ்வளவு சத்தத்திலும் அவர்களுக்கு ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுந்ததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நடுவில் நான் இல்லை. இரண்டு பேரும் கைப்பிடியை விடவும் இல்லை. கூட்டம் பின்னால் நகர்ந்துகொண்டே போயிற்று. குழந்தையை இறக்கிவிட்டுவிட்டு அத்தை முன்னால் ஓடிவந்தாள்.

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “வாய்ல துணி வைக்கணும்ப்பா. கார்புரேட்டர் வாய்ல.”

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு ஓடினார். அத்தையைத் தாண்டி, ஒரு கையால் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, சித்தப்பாவின் கைக்குக் கீழே குனிந்து துண்டைச் சுருட்டித் திணித்தார். இஞ்சின் துண்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்தது. விக்கியது. நின்றது.

மைதானத்தில் திருமயத்துக்காரரின் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தன் மூன்றாவது வில்லையையும் அறுத்து முடித்து, கிடாயை அவிழ்த்துக்கொண்டு போனார்.

அப்பா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். துண்டு கிழிந்து, ஆயில் நனைந்து கிடந்தது. மாமாவின் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“வீட்டுக்கு வாங்க. மருந்து போடணும்” என்றார். பிறகு அத்தையைப் பார்க்காமலே, “புள்ளையத் தூக்கிட்டு வா. வெயில்ல நிக்குது” என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அத்தை சமையற்கட்டு வாசலிலேயே நின்றாள். ‘உள்ள வந்து இந்தச் சோத்த வடிங்க, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு’ என்று அம்மா சொன்ன பிறகுதான் உள்ளே போனாள். தோற்றுப்போனவர்கள் வீடு மாதிரியே இல்லை. எனக்கு மட்டும் கிடா போன வருத்தம் தாங்கவில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். குறை எங்கே என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது.

“சித்தப்பா, அடுத்த வருஷம் ஒத்த சிலிண்டர் இஞ்சின் போடுவோம். வெயிட்டு கம்மியா இருக்கும். நீங்க ஒரு ஆளே புடிச்சுக்கலாம்.”

“அது பத்தாது. வெட்டாது” என்றார் சித்தப்பா.

நான் மாமாவைப் பார்த்தேன். தினமும் மரக்கடையில் ஒற்றை ஆளாக, கைக்கு அடக்கமான ஒரு சின்ன மிஷினை வைத்துப் பெரிய பெரிய மரங்களை அறுக்கிறவர் அவர். அவராவது எடுத்துச் சொல்வார் என்று நினைத்தேன். கைகளில் அப்பா மருந்து தடவிக் கட்டுப் போட்டிருந்ததால் மாமா ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமா, வெட்டாது” என்றார் மாமாவும்.

இவ்வளவு வேலை தெரிந்த இரண்டு பேருக்கு, இவ்வளவு சின்ன விஷயம் ஏன் புரியமாட்டேன் என்கிறது என்று நான் மீதிச் சோற்றைச் சாப்பிடாமல் எழுந்து போனேன்.